தாய்ப்பால் "நின்றது" என்று எந்த நாளைக் கணக்கிடுவது?

வணக்கம். பினாங்கில் தமிழ்த் தாய்மார்கள் எவ்வளவு காலம் பாலூட்டுகிறார்கள் என்று முதுகலை ஆய்வு செய்கிறேன். எப்போது நிறுத்தினீர்கள் என்றால், பலரும் "ஆறு மாதம்", "ஒரு வயது" என்று முழுசாகவே சொல்கிறார்கள். (மாமியார்களின் கணக்கு வேறு!)

98 நாள் மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியவர், பகலில் மாவுப்பால், இரவில் மட்டும் தாய்ப்பால் என்றால் அது நின்றதா, தொடர்கிறதா? உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் முந்தைய நாளில் குழந்தை தாய்ப்பால் குடித்ததா என்றே பார்க்கிறது. கறந்து கொடுத்த பாலும் அதில் சேரும். நல்ல முறைதான், ஆனால் நின்ற தேதியை அது சொல்லாது. காய்ச்சலில் சில நாள் விட்டு மீண்டும் கொடுத்தவரை எங்கே சேர்ப்பது?

கடைசியாகப் பாலூட்டிய நாளைக் கேட்கலாமா, மாதந்தோறும் அழைத்து விசாரிக்கலாமா? அரசாங்கக் கிளினிக்குகளில் பணிபுரியும் தாதியர், ஆய்வு அனுபவமுள்ளோர் சொல்லுங்கள். வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடித்த அக்காமார்களும் எழுதலாம்.