அப்பா போனில் லாக் ஸ்கிரீன் விளம்பர ஆப்பை ரூட் (சிஸ்டத்தின் முழு அனுமதியையும் எடுப்பது) செய்யாமல் முடக்க முடியுமா?

திருமங்கலத்தில் அப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். போன தீபாவளிக்கு மதுரை டவுன்ஹால் ரோட்டில் அவருக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன். ஆண்ட்ராய்டு 13, 4 ஜிபி ரேம், 64 ஜிபி.

வாங்கும்போதே உள்ளே இருந்த ஆப்கள்தான் பிரச்சினை. கேம் ஆப் ஒன்று, கடன் தருகிறேன் என்று நச்சரிக்கும் ஒன்று, லாக் ஸ்கிரீனில் விளம்பரம் காட்டும் ஒன்று. காசு வந்துவிட்டதா என்று பார்க்கப் போனை எடுத்தால் முதலில் விளம்பரம்தான் நிற்கிறது. மூன்று வாரம் முன்பு அப்டேட் வந்ததிலிருந்து தொல்லை இரட்டிப்பு.

செட்டிங்ஸில் கேம் ஆப்பை டிசேபிள் செய்துவிட்டேன், சரி. மற்ற இரண்டுக்கும் அந்தப் பட்டன் மங்கிக் கிடக்கிறது. ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்தாலும் ரீஸ்டார்ட் ஆனதும் எழுந்து வருகின்றன. அப்புறம் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, லேப்டாப்பிலிருந்து ஏடிபி (போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக ‘யூஸர் 0’க்கு, அதாவது போனின் முதன்மைப் பயனருக்கு, மட்டும் அன்இன்ஸ்டால் கொடுத்தேன். கடன் ஆப் ஒழிந்தது. லாக் ஸ்கிரீன் ஆப்புக்கு மட்டும் ஃபெயிலியர் என்றே வருகிறது.

ஃபேக்டரி ரீசெட் போட்டால் ஒழிந்த ஆப்பும் திரும்பி வரும். ரூட் செய்தால் யூபிஐ ஆப் மக்கர் செய்யலாம். கடையே அதில்தான் ஓடுகிறது.

ரூட் இல்லாமல் இப்படி ஒரு லாக் ஸ்கிரீன் ஆப்பை முடக்கியவர்கள் எப்படிச் செய்தீர்கள்?