கலைச்சொல்: ‘டிஜிட்டல் சூம்’ – வெட்டுப்பெருக்கம்

அன்பின் மடற்குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு ‘வெட்டுப்பெருக்கம்’ என்ற சொல்லை நான் முன்வைத்தபோது ஐயா ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ஒப்டிகல் சூம் = ஒளியியல் உருப்பெருக்கம். டிஜிட்டல் சூம் = இலக்கமுறை உருப்பெருக்கம். இரண்டும் ஏற்கெனவே உள்ள சொற்கள். இதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

பேச இருக்கிறது, ஐயா. சொற்கள் இலக்கணப்படி சரியானவைதான். ஆனால் அவை கடைப்பெட்டியில் அச்சிட்ட பொய்யை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருகின்றன. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

என் சின்னம்மா பேரப்பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கென்று ஒரு சிறிய வீடியோ கமரா வாங்கினார். பெயர் தெரியாத நிறுவனம், மலிவு விலை, பெட்டியின் முகப்பில் பொன்னிற எழுத்தில் ‘16×’. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவுக்குப் போனபோது அதைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கடலுக்கு மேலே ஓர் எட்டுமூலைப் பட்டம், அதில் கட்டிய ‘விண்’ என்ற நார் காற்றில் கூவ, நின்றது. சின்னம்மா கமராவை உயர்த்திப் பொத்தானை அழுத்தினார். திரையில் பட்டம் பெரிதாகி வந்தது. வரவர அதன் மூலைகள் மழுங்கின. வால் வானத்தோடு கரைந்தது. கடைசியில் நாலைந்து சிவப்புச் சதுரங்கள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. “பழுதாய்ப் போய்விட்டதோ, தம்பி?” என்று கேட்டார். பழுது ஒன்றும் இல்லை. அந்தக் கமரா செய்யக்கூடியதே அவ்வளவுதான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ‘16×’ இன் கீழே எறும்பு அளவு எழுத்தில் ‘டிஜிட்டல்’ என்று இருந்தது. அதைச் சின்னம்மா வாங்கும்போதே வாசித்திருக்கிறார். “டிஜிட்டல் என்றால் திறம் என்றுதானே வாங்கினேன்” என்றார்.

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்த மடல்.

உண்மையான சூமில், அதாவது ஒப்டிகல் சூமில், வில்லைகள் (லென்ஸ்கள்) குழாய்க்குள் முன்னும் பின்னும் நகர்கின்றன. குவியத்தூரம் கூடுகிறது, தூரத்துப் பொருளின் விம்பம் பெரிதாகி, ஒளியைப் படமாகப் பதியும் உணரி முழுவதிலும் விழுகிறது. உணரியின் புள்ளிகள் அத்தனையும் பட்டத்துக்கே வேலை செய்கின்றன. சாதாரணதரப் பரீட்சைக்கு ஒளியியல் படித்த எந்தப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

டிஜிட்டல் சூமில் எதுவும் நகர்வதில்லை. விழுந்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் கமரா வெட்டி எடுக்கிறது, மிச்சத்தை எறிந்துவிடுகிறது, வெட்டிய துண்டைத் திரை நிறைய இழுத்துக் காட்டுகிறது. கணக்குப் பாருங்கள். 1920 × 1080 என்றால் ஏறக்குறைய 20 இலட்சம் புள்ளிகள். இரண்டு மடங்கு டிஜிட்டல் சூம் செய்தால் நீளத்தில் பாதி, உயரத்தில் பாதி; எஞ்சுவது காற்பங்கு. 16 மடங்கு என்றால் 256 இல் ஒரு பங்கு. உணரியில் அதற்குமேல் புள்ளிகள் இல்லாத மலிவுக் கமராவில் சின்னம்மாவின் பட்டத்துக்குக் கிடைத்தவை வெறும் 8,100 புள்ளிகள். இதை வீட்டில் பின்னர் கணினியில்கூடச் செய்துகொள்ளலாம். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது நம் சொல்லைப் பாருங்கள். ‘ஒளியியல் உருப்பெருக்கம்’, ‘இலக்கமுறை உருப்பெருக்கம்’ என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல நிற்கின்றன. முதலாவது பழையது என்றும் இரண்டாவது புதியது என்றும் படும். புதியதைத்தான் சனம் விரும்பும். ஆங்கிலத்தில் விற்பவர் வைத்த பெயர் அப்படி ஏமாற்றுகிறது என்றால், அந்தக் கடனை நாம் ஏன் சுமக்க வேண்டும்? பெயர் வைக்கும் வாய்ப்பு நமக்குப் புதிதாகக் கிடைத்திருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறதோ அதையே பெயராக வைப்போம்.

என் முன்மொழிவு: வில்லை செய்வது *வில்லைப்பெருக்கம்*. வெட்டிச் செய்வது *வெட்டுப்பெருக்கம்*. ‘16 மடங்கு வெட்டுப்பெருக்கம்’ என்று பெட்டியில் இருந்தால் சின்னம்மா கடைக்காரரிடம் “எதை வெட்டுகிறது?” என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்.

ரொறன்ரோவிலிருந்து அக்கா, ‘வெட்டு’ கலைச்சொல்லுக்கு ஏற்ற கண்ணியமான சொல் அல்ல என்று எழுதியிருந்தார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குறுக்குவெட்டுமுகம் என்று பாடப்புத்தகத்தில் எத்தனை காலமாகப் படிக்கிறோம். கல்வெட்டு என்ற சொல்லில் யாரும் குறை கண்டதில்லை. சென்னை நண்பர் ஒருவர் தங்கள் ஊரில் ‘வெட்டி’ என்றால் வீண் என்று பொருள் என்கிறார். நம் சொல் வெட்டி அல்ல, வெட்டு. ஓரெழுத்து வேறுபாடு போதும்.

ஒரு சொல் நல்லதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை, அது குட்டி போடுகிறதா என்பது. இதே இணை அடுத்த இடத்திலும் உதவுகிறது. கை நடுங்கினாலும் படம் ஆடாமல் இருக்கக் கமராவில் ஒரு வசதி உண்டு. அதை நடுக்கத்தணிப்பு என்போம். அதிலும் இரண்டு வகை. ஒன்றில் வில்லையே எதிர்ப்புறம் அசைந்து நடுக்கத்தைச் சரிசெய்கிறது. மற்றதில் படத்தின் ஓரங்களை வெட்டி, மிச்சத்தை நகர்த்திச் சமாளிக்கிறது. வில்லைத்தணிப்பு, வெட்டுத்தணிப்பு. புதிதாக விளக்கம் சொல்லாமலே விளங்குகிறது அல்லவா? ஒளியியல், இலக்கமுறை என்று போயிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து விளக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. அந்தப் பெட்டியில் ‘4கே’ என்றும் இருந்தது; அதாவது 1920 × 1080 ஐப்போல் நான்கு மடங்கு புள்ளிகள். உணரி அத்தனை புள்ளிகளைப் பதிவதில்லை; பதிந்த புள்ளிகளுக்கு நடுவே இல்லாத புள்ளிகளைக் கணக்குப்போட்டு நுழைத்து எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். இதற்கு நம்மிடம் புதிய சொல்லே தேவையில்லை. மூலபாடத்தில் இல்லாத அடிகளைப் பின்னால் வந்தவர்கள் ஏட்டில் நுழைப்பதற்கு என்ன பெயர்? இடைச்செருகல். சிறுப்பிட்டியில் பிறந்த பதிப்பாசிரியர் சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றவர்கள் சுவடிகளோடு போராடிய காலத்திலிருந்து தமிழ் வாசகருக்குப் பழகிய சொல். ‘இடைச்செருகல் 4கே’ என்று எழுதினால் மதிப்பு எவ்வளவு என்பது உடனே தெரிந்துவிடும். எனக்கு இந்தச் சொல்மீது வெட்டுப்பெருக்கத்தைவிடவும் ஆசை.

‘காம்கோடர்’ என்ற கருவிக்குத் தமிழில் என்ன பெயர் என்று நடக்கும் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. கமராவும் பதிவுக்கருவியும் முன்பு தனித்தனிப் பெட்டிகள். ஒன்றைக் கையில் பிடித்து, மற்றதைத் தோளில் தொங்கவிட்டு, நடுவே வயர். 1983 இல் சோனி பீட்டாமூவி இரண்டையும் ஒன்றாக்கி வந்தபோது அதைச் சுட்டத் தனிச்சொல் தேவைப்பட்டது. இன்று எல்லாமே ஒன்றாகத்தான் வருகின்றன. யாழ்ப்பாணத்தில் வீடியோ கமரா என்கிறார்கள்; எழுத்தில் ஒளிப்பதிவுக் கருவி என்கிறோம். இரண்டும் இருக்கட்டும்.

வாங்கப் போகிறவர்களுக்காக நம் பட்டியலில் சொல்லோடு ஒரு குறிப்பும் சேர்க்க விரும்புகிறேன். கடையில் நின்றே தெருவின் எதிர்ப்பக்கப் பெயர்ப்பலகையைக் கமராவில் பிடித்து, சூமை இறுதிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். எழுத்தின் விளிம்பு கூராகவே இருந்தால் வில்லை வேலை செய்கிறது. படிக்கட்டுப் போல உடைந்தால் வெட்டு. பல கமராக்களில் திரையோரம் ஒரு சிறு பட்டை தோன்றும். அதன் நடுவே உள்ள கோடுவரை வில்லைப்பெருக்கம், கோட்டுக்கு அப்பால் வெட்டுப்பெருக்கம். அமைப்புப் பட்டியலில் வெட்டுப்பெருக்கத்தை நிறுத்திவைக்கவும் வழி இருக்கும். வீட்டுக்குப் பத்து மடங்கு வில்லைப்பெருக்கம் தாராளம். பிறந்தநாள் கேக் வெட்டும் பிள்ளையின் முகத்துக்கு அதுகூட வேண்டாம். அறைக்குள் மங்கல் வெளிச்சத்தில் நன்றாகப் பிடிக்கும் பெரிய உணரிதான் அங்கே முக்கியம்.

கடைசியாக, ஐயா கேட்ட சந்தி: நடுவே ‘ப்’ வருமா? வெட்டு பெருக்கம் என்று வினைத்தொகையாகக் கொண்டால் ஒற்று மிகாது. நான் வெட்டு என்பதைத் தொழிற்பெயராகவே எடுக்கிறேன்: வெட்டினால் வரும் பெருக்கம். வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும். ஆகவே வெட்டுப்பெருக்கம், சேர்த்தே எழுதுவோம். இதில் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுதுங்கள். அன்றைக்குப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
கொக்குவிலிலிருந்து