பேரிஜமா, மன்னவனூரா? முதியவரோடும் குழந்தைகளோடும் காரில் செல்ல எந்த ஏரி ஏற்றது?

தாராபுரத்தான்:
வணக்கம். காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு காரில் கொடைக்கானலுக்குப் புறப்பட எண்ணியிருக்கிறோம். நகரின் நட்சத்திர ஏரியை முன்பே பார்த்துவிட்டதால், இம்முறை கூட்டத்தை விட்டு விலகி, தோட்டமும் வயலுமாக இருக்கும் கிராமங்களின் வழியே போய், ஒரு பெரிய ஏரியின் கரையில் பாதி நாளை அமைதியாகக் கழிக்க வேண்டும் என்பதே விருப்பம். எழுபதைக் கடந்த அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. இளைய மகளுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும். பேரிஜம், மன்னவனூர் இரண்டில் எது பொருந்தும்? பழனி வழியே ஏறுவதா, வத்தலக்குண்டு வழியே சுற்றிச் செல்வதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மேல்மலைவாசி:
நீங்கள் கேட்பது கிராமங்களும் ஏரியும் சேர்ந்த பயணம் என்பதால், தயங்காமல் மன்னவனூரைத் தேர்ந்தெடுங்கள். பேரிஜம் அழகில் குறைந்ததன்று. ஆனால் அது காப்புக்காட்டின் நடுவே, பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி. வனத்துறையின் அனுமதி பெற்றுத்தான் செல்ல முடியும், நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் வண்டிகளை விடுவார்கள், யானை நடமாட்டம் இருந்தால் பாதையையே மூடிவிடுவார்கள். அந்தக் கட்டுப்பாடுகள் தேவையானவை என்பதே என் கருத்து. எனினும், விடுமுறையின் ஒரே நாளை நம்பி வரும் குடும்பத்துக்கு அது உறுதியான திட்டமாகாது. வழியிலும் காடுதான் இருக்கும், ஊர் இராது.

மன்னவனூர் கொடைக்கானலிலிருந்து ஏறக்குறைய 35 கி.மீ. முதலில் பைன், தைல மரக் காடுகள் வரும். பிறகு பள்ளத்தாக்கு திறந்து, எதிர்ச்சரிவில் அடுக்கடுக்கான வயல்களுக்கு நடுவே பூம்பாறை ஊர் தெரியும். சாலையோரத்தில் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அப்படியே கடந்துவிடாமல், ஊருக்குள் இறங்கிக் குழந்தை வேலப்பரை வணங்கிவிட்டுச் செல்லுங்கள். சிலையை நிறுவியவர் போகர் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்த மேல்மலை ஊர்களில்தான் விளைகிறது. வாங்குவதானால் தாளோடு கட்டிய பூண்டாகப் பார்த்து, விளைவித்தவரிடமே வாங்குங்கள். அப்படி வாங்கும் பணம் நேராக அந்த வீட்டுக்குச் சேரும் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் தோட்டங்கள் சாலையை ஒட்டியே இருக்கும். வரப்பில் ஏறிப் படம் எடுக்கப் பிள்ளைகளை அனுமதிக்க வேண்டாம்.

ஏரி புல்வெளிச் சரிவுகளுக்கு நடுவே இருக்கிறது. பரிசல் சவாரி உண்டு. அருகிலேயே மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே வளர்க்கப்படும் பாரத் மெரினோ ஆடுகளையும் முயல்களையும் பார்வையாளருக்குத் திறந்திருக்கும் நாளில் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

பழனி மலைப்பாதை:
வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தாராபுரத்திலிருந்து வருவோர் வத்தலக்குண்டுக்குச் சுற்றத் தேவையில்லை. பழனியிலிருந்து வரதமாநதி அணையைத் தாண்டி ஏறும் சாலை 64 கி.மீ. அளவில் கொடைக்கானலில் சேரும்; பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலையோடு கலக்கும் வரை நெரிசல் குறைவு. வளைவுகள் அதிகம் என்பதால் காலையில் வயிறு நிறைய உண்ண வேண்டாம். இரண்டு இட்லி போதும். மகளை முன்னிருக்கையில் பெரியவர் மடியில் வைத்துக்கொள்வது ஆபத்து. பின்னிருக்கையிலேயே வார்ப்பட்டையோடு அமர்த்தி, கண்ணாடியை இறக்கி, தொலைவில் உள்ள மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியைத் தர வேண்டாம். நார்த்தங்காய் ஊறுகாய்த் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் பலருக்குக் குமட்டல் தணிகிறது.

ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இறங்கும்போது கியரை நியூட்ரலில் விடாமல், ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எரிபொருளைக் கொடைக்கானலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். கட்டணம் இல்லை, இணையத்தில் பதிவு செய்தால் போதும். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில்களில் கொண்டு வாருங்கள்.

வெண்பனி:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் அம்மாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மன்னவனூரில் நுழைவாயிலிலிருந்து ஏரிக்கரைக்குப் புல்வெளியில் இறங்கி நடக்க வேண்டும். திரும்பும்போது அதே தொலைவு ஏற்றம். மூட்டுவலி உள்ளவருக்கு இறக்கமே கூடுதல் வேதனை தரும். ஆகவே மேலிருந்தே ஏரி முழுவதும் தெரியும் இடத்தில் மடக்கு நாற்காலி போட்டு அவரை அமர்த்தி, வீட்டில் ஒருவர் மாறி மாறி உடனிருங்கள். தனியே விட்டு எல்லாரும் கீழே போய்விடாதீர்கள். கம்பளி, குல்லாய், அவருடைய மாத்திரைகள் ஆகியவற்றை டிக்கியில் அடைக்காமல் கைக்கு எட்டும் பையில் வையுங்கள்.

இன்னொன்று: தாராபுரத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது வேண்டவே வேண்டாம். முதல் நாள் கொடைக்கானலில் தங்கி, மறுநாள் விடிந்ததும் மேல்மலைக்குப் புறப்படுவதே அவருக்கும் மகளுக்கும் நல்லது.

தாராபுரத்தான்:
மிக்க நன்றி. இரண்டு இரவுகள் தங்குவதாகத் திட்டத்தை மாற்றிக்கொள்கிறோம். மன்னவனூரைத் தாண்டிக் கவுஞ்சி, பூண்டி வரை அன்றே போய்வர நேரம் இருக்குமா?

மேல்மலைவாசி:
சாலை பூண்டியைத் தாண்டிக் கிளாவரை வரை செல்கிறது. ஆனால் இம்முறை வேண்டாம். அந்தப் பருவத்தில் பிற்பகலில் மழையும் மூடுபனியும் திடீரென இறங்கும், மாலையில் காட்டுமாடுகள் சாலைக்கு வரும். பிற்பகல் 3 மணிக்குள் ஏரியிலிருந்து கிளம்பிவிட்டால் வெளிச்சத்திலேயே கொடைக்கானல் சேரலாம்.