ஆக்லாந்து கொலை வழக்கின் தீர்ப்பும் நம் குடும்பக் குழுக்களில் எழுந்த பேச்சும்

செந்தூல் சித்தி, கோலாலம்பூர்

வணக்கம். என் அண்ணன் மகள், வேலை பார்த்துக்கொண்டே நாட்டைச் சுற்றிப் பார்க்க அனுமதிக்கும் வேலை விடுமுறை விசாவில் நியூசிலாந்து செல்ல விண்ணப்பித்திருக்கிறாள் என்று தெரிந்த மறுநாளே, எங்கள் குடும்பப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் யாரோ ஒரு பழைய செய்தியைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டார்கள். 2018 டிசம்பரில் ஆக்லாந்து நகர விடுதியறை ஒன்றில் கொல்லப்பட்ட இங்கிலாந்துப் பெண்ணின் வழக்கு அது. படிப்பை முடித்துவிட்டு உலகைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியிருந்த அந்தப் பெண், தன்னுடைய 22ஆவது பிறந்த நாளுக்கு முந்தைய மாலையில், டேட்டிங் செயலி ஒன்றில் அறிமுகமான 26 வயது இளைஞனைச் சந்திக்கச் சென்றாள். ஒரு வாரம் கழித்து, நகருக்கு மேற்கே உள்ள வைட்டாக்கெரே மலைக்காட்டில் அவளது உடல் கண்டெடுக்கப்பட்டது. 2019 நவம்பர் 22 அன்று, ஜூரிகள் (தீர்ப்பு சொல்லப் பொதுமக்களிலிருந்து அமர்த்தப்படுபவர்கள்) ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கலந்து பேசிவிட்டு, அவன் கொலைக் குற்றவாளியே என்று முடிவு சொன்னார்கள். அடுத்த பிப்ரவரியில் ஆயுள் தண்டனையும், குறைந்தது 17 ஆண்டுகள் சிறையில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டன.

எங்கள் குழுவில் இதற்கு வந்த பதில்கள் இரண்டே வகைதான். ஆண்களில் பலர், "17 வருஷம்தானா? நம் நாடாக இருந்தால் கயிறுதான்" என்றார்கள். பெண்களில் சிலர், "தெரியாத ஊரில், அந்த நேரத்தில், முன்பின் பழகாதவனோடு இவளுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. கேட்டவர் என் பெரியம்மா மகள். யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாதவர். அதனால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

அந்த நாட்டில் நடந்ததைப் படித்துப் பார்த்தேன். உடல் கிடைத்த மறுநாள் அப்போதைய பிரதமர் ஜசிந்தா ஆர்டன், நாட்டின் சார்பில் அந்தப் பெண்ணின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். பல நகரங்களில் மக்கள் மெழுகுவத்தி ஏந்திக் கூடியிருக்கிறார்கள். ஆனால் குற்றவாளி என்று தீர்ப்பு வந்த பிறகும் அங்கே கோபம் தணிந்ததாகத் தெரியவில்லை. தண்டனை உறுதியான பின்னும் எதற்காக அந்தக் கோபம்? நம் சட்டத்தின்படி இங்கே நடந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர், பினாங்கு

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவன், வழக்கறிஞன் அல்லன். அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

அங்கே மக்கள் கொதித்தது தீர்ப்பைப் பார்த்து அல்ல. விசாரணை நடந்த விதத்தைப் பார்த்து. பெண் இறந்தது இருவரும் மனமொத்து ஈடுபட்ட உறவின்போது நேர்ந்த விபத்து என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. அப்படி ஒரு வாதம் எழுந்துவிட்டால், இறந்தவளின் விருப்பு வெறுப்பு என்ன, முன்பு யாருடன் பழகினாள், எந்தச் செயலியில் கணக்கு வைத்திருந்தாள் என்பதெல்லாம் சாட்சியமாக உள்ளே வந்துவிடுகிறது. பெற்றோர் அரங்கில் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைகள் அதையே தலைப்பாக்கின. உயிரோடு இருக்கும் பெண்ணாக இருந்தால் கூண்டில் ஏறி, "இல்லை, அப்படி நடக்கவில்லை" என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பாள். இறந்தவளுக்கு அந்த வழியும் இல்லை.

நம் நாட்டில் என்ன ஆகியிருக்கும் என்பது நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி. நமது தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, பதினெட்டு வயதைக் கடந்தவர் சம்மதித்தார் என்பதைத் தற்காப்பாக ஏற்பதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது: மரணத்தையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கும் நோக்கத்துடன் செய்த செயலுக்கும், அவை விளையக்கூடும் என்று தெரிந்தே செய்த செயலுக்கும் அந்தத் தற்காப்பு கிடையாது. இதைப் படித்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். கொலைக்கு இலக்கணம் சொல்லும் 300ஆம் பிரிவின் ஐந்தாம் விலக்கு, இறந்தவர் தம் சம்மதத்துடன் மரண அபாயத்தை ஏற்றிருந்தால் அது கொலை ஆகாது, அதனினும் குறைந்த குற்றமே ஆகும் என்கிறது. திறமையான வழக்கறிஞர் அந்தக் கதவைத் தட்டாமல் விடமாட்டார். தட்டினால், அவளுடைய அந்தரங்கம் இங்கேயும் சபைக்கு வந்துவிடும். பாலியல் வல்லுறவு வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பழைய உறவுகளைக் கிளறுவதற்கு நம் சாட்சியச் சட்டத்தின் 146அ பிரிவு கட்டுப்பாடு போடுகிறது. ஆனால் அது வல்லுறவு வழக்கைப் பற்றித்தான் பேசுகிறது. கொலை வழக்கைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

குறுக்கு விசாரணையில் ஒரு பெண்ணைப் பற்றிய கேள்வியை நான் மொழிபெயர்க்கும்போது, கேள்வியில் இருக்கும் ஏளனத்தையும் சேர்த்தே மொழிபெயர்க்க வேண்டும். குறைத்தால் என் வேலை தவறு. பின் இருக்கையில் இருக்கும் அவளுடைய தாய்க்கு ஆங்கிலம் புரியாமல் போயிருக்கும். என் வாயிலிருந்து தமிழில் வந்ததும் புரிந்துவிடும். தலை தாழ்ந்து, கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருக்கும் அந்தக் கைகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய வழக்குகளைக் கண்டு பெண்கள் அமைப்புகள் போராடின. பாலியல் இன்பத்துக்காகக் கடுமையான காயத்துக்குச் சம்மதித்தார் என்பது தற்காப்பு ஆகாது என்று 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். முன்பே உயர்மட்டத் தீர்ப்புகளில் இருந்த கருத்துதான். எழுத்தில் வந்த பிறகு அதற்குக் கிடைக்கும் வலு வேறு.

ஆயர் ஈத்தாம் வாசகர், பினாங்கு

ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த அக்கா கேட்ட கேள்வியை ஒரேயடியாகக் குற்றமாக்கிவிடக் கூடாது. என் மகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறாள். தொழிற்சாலைப் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வீடு பத்து நிமிட நடைதான். இருந்தாலும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் நிற்கிறேன். அவள் தப்பு செய்கிறாள் என்று நினைத்தா நிற்கிறேன்? பெற்றவன் எச்சரிக்கை சொல்வதையும், செத்தவள்மீது பழி போடுவதையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், இனி எந்தத் தகப்பனும் வாயைத் திறக்க முடியாது.

தண்டனை விஷயத்திலும் நான் அந்த ஆண்கள் பக்கமே. ஒரு பெண்ணின் உடலைப் பெட்டியில் அடைத்து அறையில் வைத்துவிட்டு, அன்றைக்கே வேறொரு பெண்ணைச் சந்திக்கப் போனவனுக்கு 17 ஆண்டு என்றால் மனம் ஏற்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் பயணி, கோலாலம்பூர்

ஐயா, நீங்கள் போய் நிற்பதை எந்தப் பெண்ணும் குறை சொல்லமாட்டாள். நீங்கள் நிற்பது உங்கள் மகள் உயிரோடு வருவதற்காக. குழுவில் எழுதப்பட்ட வரியோ இறந்து போனவளை நோக்கிக் கேட்டது. அதனால் யாரும் பிழைக்கப்போவதில்லை.

எச்சரிக்கை என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பெண் எதை விட்டுவிட்டாள் என்று நீங்களே பாருங்கள். பயணிகள் தங்கும் விடுதியில் நகரின் நடுவே தங்கியிருந்தாள். முதல் சந்திப்பை ஆள் நடமாட்டம் உள்ள உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் வைத்துக்கொண்டாள். அந்த மாலை முழுவதும் அவர்கள் சென்ற இடங்களைக் கண்காணிப்புக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. ஊரில் இருந்த தோழிக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தாள். பிறந்த நாள் வாழ்த்துக்கு அவளிடமிருந்து பதில் வரவில்லை என்றதும் வீட்டார் பதறினார்கள் என்றால், அன்றாடம் தொடர்பில் இருந்த பிள்ளை என்றுதானே பொருள்? தனியாகப் பயணம் போகும் பெண்களுக்கு நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பட்டியலில் உள்ளதைத்தான் அவள் செய்திருக்கிறாள்.

நம் ஊரிலேயே 2003இல் நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அமெரிக்காவிலிருந்து பெற்றோரைப் பார்க்க வந்திருந்த பெண், குடும்பத்தாருடன் பங்சாரில் ஒரு வணிக வளாகத்தில் இரவு உணவை முடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கியபோது கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். குடும்பம் அருகில் இருந்தது, தெரிந்த ஊர், டேட்டிங் செயலி எதுவும் இல்லை. அவளிடம் "உனக்கு அங்கே என்ன வேலை" என்று கேட்க முடியுமா? கொன்றவனுக்கு 2005இல் தூக்கு விதிக்கப்பட்டு, 2016இல் நிறைவேற்றவும் பட்டது. அந்தக் கயிற்றுக்குப் பிறகு நாங்கள் அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதை நிறுத்திவிட்டோமா என்றால், இல்லை.

இன்னொன்று: உலகில் கொல்லப்படும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் துணைவராலோ உறவினராலோதான் கொல்லப்படுகிறார்கள் என்று ஐ.நா.வின் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பெண் பயணத்தை ரத்து செய்துவிட்டு வீட்டில் இருந்தால் ஆபத்து போய்விடும் என்று நினைப்பவர்கள் அதையும் ஒரு முறை படிக்கலாம்.

செந்தூல் சித்தி, கோலாலம்பூர்

எல்லோருக்கும் நன்றி. 87ஆம் பிரிவையும் ஐந்தாம் விலக்கையும் பற்றி மொழிபெயர்ப்பாளர் ஐயா எழுதியதைக் குழுவில் அப்படியே இட்டிருக்கிறேன். அண்ணன் இன்னும் விசாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெரியம்மா மகள் தனியாக அழைத்து, அந்தத் தாய் இப்போது எப்படி இருக்கிறாராம் என்று கேட்டார். ஐயா, இரண்டு சந்தேகங்கள். 17 ஆண்டு முடிந்ததும் அவன் வெளியே வந்துவிடுவானா? தீர்ப்பு வந்த பிறகும் அவன் பெயரை ஏன் ஒரு வருடம் மறைத்து வைத்தார்கள்? இங்கே குற்றஞ்சாட்டிய அன்றே பெயரும் படமும் நாளிதழில் வந்துவிடுகின்றனவே.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர், பினாங்கு

பெயரைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவன்மீது வேறு இரு பெண்கள் கொடுத்த புகார்களின் வழக்குகள் அப்போது நிலுவையில் இருந்தன. கொலைகாரன் என்று பெயர் பரவிவிட்டால் அந்த வழக்குகளில் நியாயமான விசாரணை கிடைக்காது என்று சொல்லித் தடையை நீட்டித்தார்கள். பொதுமக்கள் இதைப் பெரிதும் வெறுத்தார்கள்; வெளிநாட்டு ஊடகங்கள் முன்பே பெயரைப் போட்டுவிட்டன, கூகுள் அனுப்பிய தானியங்கி மின்னஞ்சலில்கூட அது வந்துவிட்டது. இருந்தாலும் அந்தத் தடையால் பலன் இல்லாமல் போகவில்லை. 2020இல் அந்த இரு வழக்குகளிலும் அவன் குற்றவாளி என்று முடிவாகி 11 ஆண்டுச் சிறை கிடைத்தது. அதன் பிறகு டிசம்பரில்தான் தடை நீங்கியது. தடையை மீறிப் பெயரை முகநூலில் பரப்பியவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் அந்த இரு பெண்களின் வழக்கையும் அவர்கள் பணயம் வைத்தார்கள் என்றே நான் சொல்வேன்.

17 ஆண்டு என்பது விடுதலைத் தேதி அல்ல. தண்டனை ஆயுள் தண்டனை; 17 ஆண்டுக்கு முன் பரோலுக்கு விண்ணப்பிக்கக்கூட முடியாது என்பதுதான் அதன் பொருள். அதற்குப் பிறகும் வெளியே விடலாமா என்பதைப் பரோல் குழு முடிவு செய்யும். மறுத்தால் அவன் உள்ளேதான் இருப்பான். வெளியே வந்தாலும் நிபந்தனையை மீறினால் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். நியூசிலாந்து கொலைக்கான மரண தண்டனையை 1961இலேயே நீக்கிவிட்டது.

நம் நாட்டிலும் இப்போது கொலைக்குக் கயிறு கட்டாயம் அன்று என்பதை ஆயர் ஈத்தாம் அன்பர் கவனிக்க வேண்டுகிறேன். 2023 ஜூலை 4 முதல், தூக்கு விதிப்பதா, அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் பன்னிரண்டுக்குக் குறையாத பிரம்படியும் விதிப்பதா என்பது நீதிபதியின் முடிவு. ஜூரி முறையை நாம் 1995இலேயே விட்டுவிட்டோம். ஆகவே அந்த முடிவு முழுக்க ஒரு நீதிபதியின் தோளில்தான் விழுகிறது.