நீங்கள் கிளீனராக ஏறிய முதல் லாரி எது?

பழைய கிளீனர், சங்ககிரி

டிரைவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: "நீ முதல்ல எந்த வண்டியில ஏறினே?" லைசென்ஸ் எடுத்த வருஷம் மறந்துபோகும், இது மறக்காது. நான் ஏறியது 1978-ல், ஒரு லேலண்டு காமெட்டில். வண்டி அப்போதே பழசு. ஓனரிடம் இருந்தது மொத்தம் இரண்டு வண்டி. பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள்.

முதல் ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. தார்ப்பாய் கட்டுவது, டயர் தட்டிப் பார்ப்பது, வண்டி பின்னால் உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை போடுவது, இவ்வளவுதான் என் வேலை. தார்ப்பாய் இரண்டு மழையில் பழகிவிட்டது. கட்டைதான் பயம்.

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகிற வழியில் திம்பம் மலை. 27 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் பண்ணாரி அம்மன் கோவில் முன்னால் நிறுத்தி, கற்பூரம் காட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, டிரைவர் அண்ணன் பீடியை அணைத்துவிட்டு ஒரே வார்த்தை சொல்வார்: "இறங்குடா." அதிலிருந்து பாதி மலை எனக்கு நடைதான். ஃபர்ஸ்ட் கியரில் ஏறுகிற வண்டியோடு நடந்தே போய்விடலாம். வளைவில் ஒரே ஒடியில் திரும்பாது. முன்னால் போய், நின்று, கொஞ்சம் பின்னால் எடுத்து, மறுபடி ஒடிக்கணும். பின்னால் எடுக்கும்போது நான் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் குனிந்தபடி கட்டையோடு நகரணும். "கட்டே!" என்று குரல் வந்ததும் கட்டை உள்ளே போய்விட வேண்டும். டயர் கட்டையில் ஏறி உட்காரும்போது மரம் ஒரு முனகல் முனகும். கையை எடுக்க வேண்டியது அந்த முனகலுக்கு முன்னால். அந்த நேரத்தை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது, இரண்டு தடவை விரல் நசுங்கப் பார்த்தபின் தானாக வந்துவிடும்.

இன்ஜின் சூடேறாது என்று அப்போதெல்லாம் இரவில்தான் ஏறுவோம். யானை நின்றால் விளக்கை அணைத்துவிட்டு நாங்களும் நிற்போம். இப்போது 2022 பிப்ரவரியிலிருந்து அங்கே இரவுப் போக்குவரத்துக்கே தடை. நல்லதுதான், அந்தப் பாதை யானையுடையது.

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.


வடக்கு லைன்

அண்ணா, உங்களுக்கு லேலண்டு, எனக்கு பென்ஸ். 1210. "பன்னெண்டு பத்து" என்றால்தான் யாருக்கும் புரியும். மெர்சிடிஸ் பென்ஸோடு டாடா செய்த ஒப்பந்தம் 1954-ல் தொடங்கி 1969-லேயே முடிந்துவிட்டது. முகப்பில் நட்சத்திரம் போய் 'டி' வந்தது. ஆனால் எங்கள் லாரி செட்டில் 90 வரைக்கும் டாடா என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "பென்ஸ் ரெண்டு, லேலண்டு ஒண்ணு" என்றுதான் ஓனர் கணக்குச் சொல்வார்.

நம்பரில் ஒரு கணக்கு உண்டு, புதுப் பையன்களுக்குத் தெரியாது. முதல் இரண்டு எண், லோடோடு சேர்த்து எத்தனை டன் என்பது. அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் குதிரைசக்தி. 1210 என்றால் 12 டன், 100 குதிரை. 1612 என்றால் 16 டன், 120 குதிரை. இன்று வருகிற வண்டிகளை நினைத்தால் அந்த நூறு குதிரையை வைத்துக்கொண்டு எப்படித்தான் மலை ஏறினோமோ.

சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றினால் மகாராஷ்டிரம். ரிட்டன் லோடு நாசிக் பக்கம் வெங்காயம். வெங்காய லோடு கிடைக்கிறவரை லாசல்காவில் மூன்று நாள்கூடக் கிடப்போம். இந்தி படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, அங்கே வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு. வெங்காயம் ஏற்றிவிட்டால் தூக்கம் கிடையாது. மழையில் நனைந்தால் அழுகல், தார்ப்பாயை இறுக்கமாகப் போட்டாலும் காற்றில்லாமல் அழுகல். ஓரத்தைத் தூக்கிக் கட்டுவது, மேகம் கறுத்தால் இறக்குவது, இதே வேலையாகப் போகும் ராத்திரி.

கேபினுக்குள்ளேயே இன்ஜின். டிரைவருக்கு இடது கால் பக்கம் பானட். மே மாதம் அந்தக் கால் வெந்துபோகும். நனைத்த கோணிச்சாக்கை பானட் மேல் போட்டு வைப்பேன், பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும், மறுபடி நனைக்கணும். என் உஸ்தாத், தொழில் கற்றுக்கொடுத்த டிரைவர், டபுள் கிளட்ச் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரில் ஒரு உதை, மறுபடி கிளட்ச், கியர் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். நான் செய்தபோது பெட்டிக்குள் ஆணியைக் கொட்டிக் குலுக்கிய மாதிரி இருந்தது. "கறமுறன்னு கேட்டா உன் சம்பளம்டா அது" என்பார்.


பட்டறைக்காரன்

நான் டிரைவர் இல்லை, நாமக்கல்லில் பாடி கட்டுகிறவன். ஆனாலும் ஒரு கதை சொல்ல எனக்கு உரிமை உண்டு. நீங்கள் எல்லாம் சொல்கிற அந்த கேபினைக் கட்டினதே நாங்கள்தான். அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து வருவது வெறும் சேஸ்தான். நாலு சக்கரம்... சரி, ஆறு சக்கரம், இன்ஜின், ஸ்டியரிங், முன்னால் ஒரு தகரம். கதவு கிடையாது, கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது.

அந்த எலும்புக்கூட்டை லேலண்டு கம்பெனி இருக்கிற எண்ணூரிலிருந்து நாமக்கல்லுக்கு ஓட்டிக்கொண்டு வருவார்கள். என் மாமா அந்த வேலை பார்த்தார். உட்கார ஒரு மரப்பெட்டி, அதைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். தலையில் துண்டை மூக்குவரை சுற்றி, மேலே ஒரு கண்ணாடி. மழை வந்தால் நனைய வேண்டியதுதான், மரத்தடியில் ஒதுங்கினால் மரமும் நனைக்கும். பட்டறை வாசலில் வந்து இறங்கினார் என்றால் முகத்தில் துண்டு இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும். சேஸை விட்டுவிட்டு முதலில் கேட்பது வெந்நீர். ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா சேஸை இப்படியே தெற்கே வரை ஓட்டி வருகிற ஆட்களும் உண்டு. கான்வாய் என்பார்கள். பத்துப் பன்னிரண்டு எலும்புக்கூடு வரிசையாக வருவதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பாடி கட்டும்போது டிரைவர்தான் எங்களுக்கு முதலாளி. ஓனர் பணம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். டிரைவர் வந்து உட்கார்ந்து, "இங்க ஒரு அலமாரி, இங்க சாமி படம், சீட்டை ரெண்டு விரக்கடை இறக்கு" என்று அளவு சொல்வார். ஒருவர் தன் உயரத்துக்கு பெர்த் கட்டச் சொல்லி, படுத்துக் காட்டினார். கிளீனருக்கு? அவன் தார்ப்பாய் மேலே படுத்துக்கொள்வான் என்றார்.


பழைய கிளீனர், சங்ககிரி

அந்தக் கிளீனர் நான் இல்லை, ஆனால் நானாகவும் இருக்கலாம்.


மதுரைப் பக்கம்

கம்பெனி பேச்சும் வந்ததால் சொல்கிறேன். எங்கள் ஊரில் டி.வி.எஸ். என்றால் முதலில் பஸ்தான். 1972-ல் அரசு எடுத்து பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வரும்வரை அந்த பஸ் வந்தால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று என் அப்பா சொல்வார். அவர் லாரிக்காரர், டி.வி.எஸ்.ஸின் சதர்ன் ரோட்வேஸில் இருந்தவர். மாட்டு லாடத்திலிருந்து ரோட்டில் விழும் ஆணியைப் பொறுக்கவே காந்தம் கட்டிய வண்டி ஒன்றை அந்தக் காலத்தில் ஓடவிட்டார்கள் என்றும் சொல்வார். நான் பார்த்ததில்லை, அப்பா சொன்னதுதான். ஆனால் டயர் விஷயத்தில் அவர் எவ்வளவு கண்டிப்பு என்பதைப் பார்த்தவன் நான். வீட்டில் சைக்கிள் டயரைக்கூட லீவரால் தட்டிப் பார்ப்பார்.

அண்ணாச்சிமார்களுக்கு ஒரு கேள்வி: பெரிய கம்பெனியில் ஓட்டினது நல்லதா, தனி ஓனரிடம் ஓட்டினது நல்லதா? அப்பா பெரிய கம்பெனிக் கட்சி. சம்பளத் தேதியை மறக்கவே வேண்டாமாம்.


ஸ்டெப்னி

தம்பி, உன் அப்பா அதிர்ஷ்டசாலி. நான் இரண்டிலும் இருந்தேன். ஒரு பார்சல் கம்பெனியில், பெயர் சொல்லமாட்டேன், நாலு வருஷம். நேரத்துக்கு வண்டி எடுக்கணும், நேரத்துக்குப் போய்ச் சேரணும், நடுவில் நடந்ததை யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு தடவை தார்ப்பாய் கிழிந்து பத்துப் பதினைந்து துணிப் பண்டல் நனைந்துவிட்டது. தார்ப்பாய் பழசு என்று இரண்டு ட்ரிப்பாக எழுதிக் கொடுத்திருந்தேன். பிடித்தம் என் சம்பளத்தில்தான். கிளீனர் பையனுக்கும் பாதி. அவன் என்ன செய்தான் பாவம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961-லேயே ஒன்று வந்திருக்கிறது, நாளைக்கு 8 மணி நேர வேலை என்று. அதைப் பற்றி நான் கேள்விப்பட்டது ரிட்டயர் ஆனபிறகு.

தனி ஓனர் திட்டுவார், ஆனால் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுவார். சம்பளம்தான் சோற்றோடு கலந்துவிடும்.

டயர் பேச்சு வந்ததால் ஒன்று. லீவரால் தட்டினால் காற்று நிறைந்த டயர் லீவரைத் திருப்பி எறியும், "டங்" என்று. குறைந்திருந்தால் "தொப்". இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் காற்றுப் போனால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். இருட்டில், பத்து மணி நேரம் ஓட்டிக் காது அடைத்த டிரைவருக்கு அது கேட்காது. கிளீனருக்குக் கேட்கும். ரிம்மில் லாக் ரிங் சரியாக உட்காரவில்லை என்றால் காற்றடிக்கும்போது துப்பாக்கிக் குண்டு மாதிரி எகிறும். அதனால் காற்றடிக்கும்போது டயருக்கு நேராக நிற்கவே கூடாது. என்னைப் பிடரியில் ஒரு அறை விட்டுப் பக்கவாட்டில் தள்ளினார் எங்கள் டிரைவர். அரை நிமிஷத்தில் ரிங் பறந்து எதிர்ச் சுவரில் அடித்தது. அறை வாங்கியதற்கு அழுதேன், அப்புறம் சுவரைப் பார்த்து அழுதேன்.


இப்பவும் ஓட்டுறேன்

மன்னிக்கணும், எல்லாரும் பழைய வண்டியைத் தாலாட்டுகிறீர்கள். நான் பழசிலும் ஏறினவன், இப்போது பத்துச் சக்கர வண்டி ஓட்டுகிறேன். பழைய வண்டி உடம்பைத் தின்றது. என் பெரியப்பாவுக்கு ஐம்பது வயதில் தோள் போயிற்று, பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை ஒடித்து ஒடித்து. செக்போஸ்டில் ஒரு முத்திரைக்கு ராத்திரி முழுக்க நின்றிருக்கிறோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அந்த வரிச் செக்போஸ்டுகள் போனதும் நான் பண்ணாரிக்கு மொட்டை போட்டேன், உண்மையாகவே. 2025 அக்டோபரிலிருந்து செய்கிற புது லாரிக்கு ஏசி கேபின் கட்டாயம். அந்தக் கோணிச்சாக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று ஒத்துக்கொள்கிறேன். கிளீனர் இல்லை. ஓனருக்கு ஒரு ஆள் பேட்டா மிச்சம் என்று நிறுத்திவிட்டார்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற பையன்களைப் பார்க்கிறேன். "கியரைப் போடுண்ணே" என்று பயந்து சொல்ல இடதுபக்க சீட்டில் ஆளில்லை. போன மாதம் ஒரு பையன், நல்ல பையன், லைசென்ஸ் எல்லாம் சரியாக இருக்கு, ஸ்டெப்னி எப்படி இறக்குவது என்று போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தப்பா? அவனை யார் பிடரியில் அறைந்தார்கள்?


வடக்கு லைன்

ஏசி விஷயத்தில் நான் உன் கட்சி தம்பி. என் இடது காலில் இன்னும் முடி முளைக்கவில்லை.


பட்டறைக்காரன்

சங்ககிரி அண்ணாவுக்கு ஒரு கேள்வி, தொழில் கேள்வி. அந்தக் கட்டை என்ன மரம்? புளிய மரம் என்றால் பிளந்திருக்குமே.


பழைய கிளீனர், சங்ககிரி

கருவேலம். பின்பக்கம் ஒரு கம்பி வளையம் அடித்து, அதில் கயிறு கட்டியிருக்கும், வண்டி நகர்ந்ததும் இழுத்துக்கொள்ள. மூன்று வருஷம் தாங்கியது. நான் ஸ்டியரிங் பிடித்த அன்றைக்குப் புதுக் கிளீனர் கையில் கொடுத்தேன். பதினாலாவது வளைவில் அதைப் பள்ளத்தில் விட்டுவிட்டான். நான் பிரேக்கை மிதித்தபடி நின்றேன், அவன் அரை ஆள் உயரத்துக்கு ஒரு பாறாங்கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.