ராத்திரி படுத்தாலே நெஞ்சு எரிகிறது, மாத்திரைக்கும் கேட்கவில்லை

காவிரிக்கரை:
வணக்கம். வயது 44, எடை 82 கிலோ, உயரம் 167 செ.மீ. நாலு மாதமாக வாரத்துக்கு மூன்று, நான்கு இரவு இந்தத் தொந்தரவு. படுத்த அரை மணி நேரத்தில் நடு நெஞ்சில் எரிச்சல், தொண்டை வரை புளித்த நீர். சில நாள் நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது போலவும் இருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் 40 மி.கி. மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறேன். சாப்பாடு பத்து மணிக்கு, படுக்கை பத்தரைக்கு. இரண்டு தலையணை வைத்தும் பலனில்லை. பால் குடித்தால் கொஞ்ச நேரம் அடங்கும். பிபிக்கு அம்லோடிபின் 5 ஓடுகிறது. இது வெறும் கேஸ்தானா?

செவிலி_மதுரை:
மாத்திரை, சாப்பாடு எல்லாம் அப்புறம். இறுக்கிப் பிடிக்கிறது என்கிறீர்கள், பிபியும் இருக்கிறது. முதலில் இதயத்தைப் பார்த்துவிடுங்கள். படி ஏறினால், வேகமாக நடந்தால் வந்து, நின்றால் விடுகிற இறுக்கம் என்றால் அதை கேஸ் என்று ஒதுக்கவே கூடாது. ஏப்பம் வந்ததும் லேசாச்சு, ஜெலுசில் குடித்ததும் விட்டுச்சு என்பது அத்தாட்சி ஆகாது. இதய வலியும் விட்டு விட்டு வரும். வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஒரு இசிஜி சரியாக இருந்தால் அதோடு முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். டிரெட்மில் (நடக்கவிட்டு எடுக்கும் இசிஜி), எக்கோ (இதய ஸ்கேன்) எது தேவை என்று டாக்டர் சொல்வார்.

இறுக்கத்தோடு வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, வலி இடது கை, தாடை, முதுகுக்குப் பரவினாலோ உடனே 108. பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி பெரிதாகத் தெரியாமல் வெறும் அசதி, குமட்டலாகவே வரலாம். இதைப் படிக்கிற மற்றவர்களும் மனதில் வையுங்கள்.

காவிரிக்கரை:
நன்றி சிஸ்டர். இசிஜி, டிரெட்மில், எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று. இதயத்தில் ஒன்றும் இல்லை, அமிலம் மேலே ஏறுகிறது என்றார் டாக்டர். படி ஏறும்போது வருவதில்லை. குனிந்து ஷூ லேஸ் கட்டும்போதும் படுக்கும்போதும்தான்.

மருந்தாளுநர்_கோவை:
நல்ல செய்தி சார். இனி மாத்திரைக்கு வருவோம். போடும் நேரம்தான் தப்பு. வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாடு உள்ளே போகும்போது வேலையைத் தொடங்கும். வேலை செய்கிற பம்பைத்தான் பான்டோப்ரசோல் அடைக்கும். அது ரத்தத்தில் இருப்பதோ சில மணி நேரம். சாப்பிட்டுவிட்டுப் போட்டால், மருந்து ரத்தத்தில் கலப்பதற்குள் பம்புகள் ஓய்ந்துவிடும். அதனால் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால், தண்ணீரோடு முழுசாக விழுங்குங்கள். கடித்தால் மேல்பூச்சு உடைந்து மருந்து வயிற்று அமிலத்திலேயே வீணாகும். பொதுவாகக் காலையில்தான் போடச் சொல்வார்கள். உங்களுக்கு இரவில்தான் தொந்தரவு என்பதால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முழுப் பலன் தெரிய மூன்று, நான்கு நாள் ஆகும். எத்தனை வாரம் என்பதையும் அவரே சொல்லட்டும். வழக்கமாக நான்கு முதல் எட்டு வாரம். பல வாரம் போட்டபின் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து, நோய் திரும்பிவிட்டது போலத் தோன்றும். 40ஐ 20 ஆக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறங்குவது நல்லது.

பால் வேண்டாம். முதலில் குளிர்ச்சி தரும், பின்னால் அதுவே அமிலத்தைத் தூண்டும். இடையில் எரிந்தால் அல்ஜினேட் சிரப் கேளுங்கள். சாப்பாட்டின் மேல் நுரைப்படலமாக மிதந்து மேலே வருவதைத் தடுக்கும். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்னும் குடிக்க வேண்டியது. பிபி இருப்பதால் சோடியம் குறைவானதாகக் கேட்டு வாங்குங்கள். இதே காரணத்துக்காக ஈனோவை அடிக்கடி கலக்கிக் குடிக்காதீர்கள். குமட்டலுக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன் சேர்ந்த காப்ஸ்யூலை நீங்களாக மாதக்கணக்கில் போடவும் வேண்டாம், இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது. அம்லோடிபின் உணவுக்குழாயின் அடி வால்வைத் தளர்த்தக்கூடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்ற முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.

மரவேலை_ராசா:
தலையணையை அடுக்கினா கழுத்தும் இடுப்பும்தான் மடியும், வயிறு அழுந்தி அமிலம் இன்னும் மேலே ஏறும். உடம்பு மொத்தமும் சரிவா இருக்கணும். கட்டிலோட தலைப்பக்கக் கால் ரெண்டுக்கும் அடியில 15லேருந்து 20 செ.மீ. உசரக் கட்டை வைங்க. கட்டையோட மேல்பக்கம் ரெண்டு செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி அதுக்குள்ள காலை நிறுத்தணும், இல்லேன்னா ராத்திரி புரண்டு படுக்கும்போது வழுக்கும். செங்கல் வேண்டாம், ஓரம் பொடிஞ்சு சாயும்.

காவிரிக்கரை:
நம்முடையது பெட்டிக் கட்டில். கால் கிடையாது.

மரவேலை_ராசா:
அப்போ கடையில கெட்டியான ஃபோம் சரிவு வாங்கிக்கோங்க. தலைப்பக்கம் அதே உசரம், தோள்ல மட்டும் முட்டாம இடுப்பு வரைக்கும் நீளம் வேணும். அழுத்திப் பாருங்க, அமுங்கிப் போற ஃபோம்னா ஒரு மாசத்துல தட்டையாயிடும். தரையில பாய் விரிச்சுப் படுக்கறவங்களுக்கும் இதுதான் தோது.

செவிலி_மதுரை:
அதோடு இடது பக்கமாகப் படுங்கள். அப்போது உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் வாசல், வயிற்றில் தேங்கிய அமிலத்துக்கு மேலே நிற்கும். வலது பக்கம் புரண்டால் வாசல் கீழே போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேல், பத்து மணிச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவாருங்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். வேலையால் முடியாத நாளில் ஏழு மணிக்கே மூன்று இட்லி, பிறகு ஒன்றும் வேண்டாம். எண்ணெய்ப் பண்டம் வயிற்றை விட்டு இறங்கத் தாமதமாகும். ராத்திரி பரோட்டா சால்னாவுக்கு அதனால்தான் எரிகிறது. மற்றபடி காரம், புளி, காபி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நிறுத்திப் பார்த்தால் உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். நாலைந்து கிலோ குறைந்தாலே வித்தியாசம் இருக்கும். பெல்ட்டையும் ஒரு துளை தளர்த்திப் போடுங்கள்.

சாப்பாடு விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தச்சோகை, இதில் எது வந்தாலும் எட்டு வாரம் வரை காத்திருக்காமல் எண்டோஸ்கோபிக்கு (வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) கேளுங்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ ரத்த வாந்தி வந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவு. வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெச் பைலோரி கிருமிக்கு மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ எழுதினால், பான்டோப்ரசோல் ஓடுவதைச் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் அதை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.