மோடத்தைத் தூக்கிவிட்டு என் ரவுட்டரை வைக்க வழி உண்டா?

வணக்கம். சத்துவாச்சாரியில் இருக்கிறேன். இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடம் கூடத்துச் சுவரில் இருக்கிறது. மாடிக்கு வைஃபை எட்டுவதேயில்லை. போதாக்குறைக்கு, வேலூர் வெயிலில் மதியம் ஆனால் பெட்டி தோசைக்கல்லாகச் சுட்டு, தானாக அணைந்து மறுபடி இயங்குகிறது. மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம்; எங்களுக்குக் காற்றில்லை.

பொறுக்காமல் சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கினேன். பழையதைக் கழற்றினால், ஃபைபர் கம்பியின் முனையில் பச்சை நிறச் செருகி; என் ரவுட்டரிலோ ஈதர்நெட் துளைகள் மட்டும். கம்பியில் வரும் ஒளியை மாற்றித் தருவதே அந்தப் பெட்டிதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அசடு வழிய மறுபடி மாட்டினேன்.

இப்போது ரவுட்டரை மோடத்தின் லேன் (ஈதர்நெட்) துளையில் இணைத்திருக்கிறேன். இரண்டுக்கும் 192.168.1.1 என்றே முகவரி இருந்ததால், ரவுட்டருடையதை மாற்றிய பிறகே இணையம் வந்தது. ஆனாலும் இரண்டு பெட்டிகளும் தனித்தனியே முகவரி பங்கிடுவதால், வாசல் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை.

மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (ஒளியை மாற்றுவதை மட்டும் அது செய்ய, முகவரி பங்கிடுவதை என் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும் முறை) மாற்றச் சொல்லி மூன்று முறை சேவை மையத்தை அழைத்தேன். மூன்று முறையும் ஒரே பதில்: “அணைத்துவிட்டுப் போடுங்கள் சார்.”

அப்படி மாற்றினால் என் ரவுட்டரில் போடவேண்டிய பிபிபிஓஇ (நிறுவனத்தின் இணைப்புக்குள் நுழையும் முறை) பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண் (ஒரே கம்பியில் இணையத்தைத் தனியே பிரித்துக் காட்டும் எண்) ஆகியவற்றை யாரிடம் கேட்டால் கிடைக்கும்? பிரிட்ஜுக்கு மாற்றினால் மோடத்தில் செருகியுள்ள லேண்ட்லைன் வேலை செய்யுமா? அது நின்றால் அப்பா என்னை வீட்டில் வைத்திருக்க மாட்டார். காட்பாடி, வேலூர்ப் பக்கம் இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.